ஈ.எஸ்.எல். ‘சி’யில் இருந்து 4யூ வரை: ஒன்ராறியோ உயர்பள்ளியில் ஆங்கிலப் பாடங்கள்

கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்து போன ஓகஸ்ட்டில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்த ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 15 வயது, கிறேட் 10 இல் சேர்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ‘ஈ.எஸ்.எல். சி’ (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்களுக்கான வகுப்பு) போட்டிருக்கிறார்கள். ஊரில் ஆங்கிலத்துக்கு 80க்குக் குறையாமல் எடுத்த பிள்ளையைக் குறைந்த வகுப்பில் போட்டுவிட்டார்களே, போய்ச் சண்டை பிடித்து மாற்றவா என்கிறார். அவருடைய அண்ணாவின் மகன் இங்கேயே பிறந்தவன், இப்போது கிறேட் 9. அடுத்த வருட ஆங்கிலத்துக்கு அகடமிக்கா அப்ளைட்டா என்று தாள் வந்திருக்கிறதாம். அண்ணிக்கு எதில் கையெழுத்து வைப்பது என்று தெரியவில்லை.

தங்கச்சி, சண்டை பிடிக்க வேண்டாம். அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடங்களில் பெற்றோர் சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிறவள் நான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு செப்டெம்பரிலும் கேட்கிறேன். அதைவிட, இதே விஷயத்தில் என் வீட்டிலேயே ஒரு வருடம் வீணானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாடக் குறியீட்டை வாசிக்கப் பழகுங்கள். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்றும் பாடத்தின் பெயர். ஆங்கிலம் என்றால் ஈ.என்.ஜி. நான்காவது, வகுப்பைச் சொல்லும் எண்: 1 என்றால் கிறேட் 9, 2 என்றால் கிறேட் 10, 3 என்றால் 11, 4 என்றால் 12. ஐந்தாவது எழுத்தில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. கிறேட் 10 இல் அது டி (அகடமிக், ஏட்டுப் படிப்புப் பக்கம்) அல்லது பி (ஆங்கில எழுத்து P, அப்ளைட், செய்முறைப் பக்கம்). கிறேட் 11, 12 இல் யூ என்றால் பல்கலைக்கழகத்துக்கு, சி என்றால் கொலிஜ்ஜுக்கு (இங்கே கொலிஜ் என்பது தொழிலுக்கான படிப்புகளைத் தரும் கல்லூரி), ஈ என்றால் நேரே வேலைக்கு. ஓ என்றால் யாரும் எடுக்கலாம். ‘ஃபோர் யூ இங்கிலிஷ்’ என்று பிள்ளைகள் சொல்வது ஈ.என்.ஜி. 4யூ, அதாவது கிறேட் 12 இன் பல்கலைக்கழக ஆங்கிலம்.

உங்கள் மகளின் குறியீட்டில் நான்காவது இடத்தில் எண்ணே இருக்காது, எழுத்துத்தான் இருக்கும். ஈ.எஸ்.எல். பாடங்கள் வகுப்பின்படி போவதில்லை. ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து படிகள். ஆங்கிலம் அறவே தெரியாமல் வருகிறவருக்கு ஏ. முடிவில் ஈ. கிறேட் 9 பிள்ளையும் கிறேட் 11 பிள்ளையும் ஒரே ‘சி’ வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். ஆகவே ‘சி’ என்பது கடைசி வாங்கு இல்லை, ஐந்து படியில் நடுப்படி. கொலிஜ்ஜைக் குறிக்கும் சி ஐந்தாவது எழுத்தாக வரும், இது நான்காவது எழுத்து. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, பிள்ளையைக் கொலிஜ் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்று என்னிடம் அழுத தாய்மாரும் இருக்கிறார்கள். (போர், இடம்பெயர்வு என்று ஊரிலேயே பள்ளிப்படிப்பு அறுந்துபோன பிள்ளைகளுக்கு ஈ.எல்.டி. என்று வேறொரு வரிசை இருக்கிறது. அதிலும் ஐந்து படி. உங்கள் மகளுக்கு அது பொருந்தாது.)

இனி, 80 எடுத்த பிள்ளைக்கு ஏன் நடுப்படி? ஊரில் அந்த 80 எதற்குக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். நான் கூட இருந்த ஒரு மதிப்பீட்டில், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு பெண்பிள்ளையிடம் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னார்கள். ‘மை ஸ்கூல் இஸ் சிற்றுவேற்றட் இன்...’ என்று தொடங்கி ஒரு பிழையும் இல்லாமல் எட்டு வரி எழுதினாள். எழுத்தும் முத்து முத்தாக இருந்தது. ஆசிரியை அதைப் பாராட்டிவிட்டு, “சரி, அந்தப் பள்ளிக்கூடத்தில் எதை மாற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறாய், ஏன்?” என்று கேட்டார். பிள்ளை பென்சிலை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்தாள். பிறகு எழுதியது மூன்று வரி, மூன்றிலும் காலப் பிழை. ஆனால் அந்த மூன்று வரிதான் அவளுடைய சொந்த ஆங்கிலம். முந்திய எட்டு வரி பாடமாக்கியது. ஆசிரியை படியைத் தீர்மானித்தது அந்த மூன்று வரியை வைத்துத்தான். எனக்கு அதில் குறை சொல்லத் தெரியவில்லை.

படிகளுக்கிடையில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நானாகவே ஒரு உதாரணம் சொல்கிறேன். இரவு 11 மணிக்குப் பிறகு ஒரு பஸ்ஸை நிறுத்தப்போவதாக ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பி’ படியில் கேட்பது: எந்த பஸ், எப்போது, ஏன்? ‘சி’யில்: இது சரியா பிழையா, இரண்டு காரணத்தோடு ஒரு பந்தி எழுது. ‘டி’யில் அந்தச் செய்தியோடு எதிரும் புதிருமாக இரண்டு கடிதங்களையும் தந்து ஒப்பிடச் சொல்வார்கள். 3யூவுக்கு வந்தால் கேள்வியே மாறிவிடும். எழுதியவர் ‘நிறுத்தம்’ என்று சொல்லாமல் ‘சீரமைப்பு’ என்று ஏன் சொன்னார், அந்தச் சொல் வாசகரை என்ன செய்கிறது? 4யூவில் கேள்வியே தர மாட்டார்கள். நீயே ஒரு வாதத்தைக் கண்டுபிடி, அதை நாலைந்து பக்கத்துக்கு மேற்கோள்களோடு நிறுவு என்பார்கள். இங்கே பிள்ளைகள் வாயில் எப்போதும் இருக்கும் ‘தீசிஸ்’ அதுதான். இலக்கணம் சுத்தமாக இருந்தும் தீசிஸ் இல்லாத கட்டுரைக்கு 60 போடுவார்கள். ஊரில் இருந்து வந்த நல்ல பிள்ளைகள் அடிவாங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ரொறன்ரோவிலேயே இருந்து ஆய்வு செய்த ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர் 1979 இல் இதைப் பிரித்துக் காட்டினார். நாளாந்தம் கதைக்கும் மொழி வேறு, படிப்பு மொழி வேறு. முதலாவது ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும். இரண்டாவதில் இங்கே பிறந்த பிள்ளைகளை எட்டிப்பிடிக்கக் குறைந்தது 5 வருடம், பலருக்கு 7 வருடம்கூட ஆகும். மகள் அடுத்த கோடையில் தொலைபேசியில் சரளமாக ஆங்கிலம் கதைப்பாள். அன்றைக்கு உங்களுக்கு “இனி என்னத்துக்கு ஈ.எஸ்.எல்.” என்று தோன்றும். அப்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பள்ளிக்கூடம் சொன்னபடி விட்டுவிடலாமா என்றால், அதுவும் சரிவராது. உங்கள் மகளுக்கு இருக்கிற பிரச்சினை வகுப்பு இல்லை, காலம். கிறேட் 12 இன் முதல் செமஸ்ரரில் 4யூவில் உட்கார வேண்டும் என்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 4யூ எடுக்க 3யூ முடித்திருக்க வேண்டும். 3யூ எடுக்க கிறேட் 10 அகடமிக் வேண்டும், அல்லது ஈ.எஸ்.எல். ‘ஈ’ முடித்திருக்க வேண்டும். ‘ஈ’க்கு முன் ‘டி’, ‘டி’க்கு முன் ‘சி’. பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் வருடத்துக்கு இரண்டு செமஸ்ரர். இந்த வருடம் முதல் செமஸ்ரரில் சி, இரண்டாவதில் டி. கிறேட் 11 முதல் செமஸ்ரரில் ஈ, இரண்டாவதில் 3யூ. கிறேட் 12 தொடக்கத்தில் 4யூ. பார்த்தீர்களா, சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு செமஸ்ரர்கூட மிச்சம் இல்லை.

அந்த மிச்சமின்மைதான் ஆபத்து. ஈ.எஸ்.எல். பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிக்கூடங்களில் எல்லாப் படியும் எல்லாச் செமஸ்ரரிலும் நடக்காது. சில இடங்களில் ஒரே அறையில் இரண்டு படிகளைச் சேர்த்து நடத்துவார்கள். “டி அடுத்த வருடம்தான்” என்று சொல்லிவிட்டால் உங்கள் கணக்கு முழுவதும் பின்னால் போகும். அதனால் பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் ஆசிரியரிடம் ‘ஏன் சி போட்டீர்கள்’ என்று கேட்க வேண்டாம். ‘இரண்டாவது செமஸ்ரரில் டி இருக்கிறதா, இல்லையென்றால் கோடை வகுப்பில் எங்கே இருக்கிறது’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவார்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் கணினியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. ஈ.எஸ்.எல். எடுத்தால் டிப்ளோமாவுக்கு அந்த வருடம் வீண் என்று நம்முடைய ஆட்கள் பரப்பி வைத்திருக்கிறார்கள். அது பிழை. உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிறெடிற் (பொதுவாக ஒரு பாடம் தேறினால் ஒன்று) வேண்டும், அதில் ஆங்கிலம் 4. அந்த நான்கில் மூன்று வரை ஈ.எஸ்.எல். கிறெடிற்றாக இருக்கலாம். நான்காவது மட்டும் கிறேட் 12 இன் கட்டாய ஆங்கிலமாக இருக்க வேண்டும். உங்கள் மகளின் சி, டி, ஈ மூன்றும் கணக்கில் வரும்.

கிறேட் 10 பிள்ளைகளுக்கு மாகாணம் நடத்தும் எழுத்தறிவுச் சோதனை ஒன்றும் இருக்கிறது. தேற 300 புள்ளி வேண்டும், டிப்ளோமாவுக்கு அதுவும் ஒரு நிபந்தனை. புதிதாக வந்த பிள்ளைக்கு அதைப் பின்போடக் கேட்கலாம், கேளுங்கள். பின்போடுவதால் அவளுக்கு எந்தக் கறையும் இல்லை. எழுதித் தவறினாலும் அதற்கு ஈடாக எடுக்க ஒரு பாடம் இருக்கிறது, உலகம் முடிந்துவிடாது.

இனி அண்ணாவின் மகன். கிறேட் 9 இல் இப்போது எல்லோருக்கும் ஒரே ஆங்கிலம்தான். 2022 செப்டெம்பரில் இருந்து அகடமிக், அப்ளைட் என்ற பிரிவை ஆங்கிலத்திலும் எடுத்துவிட்டார்கள். கணிதத்தில் 2021 இலேயே எடுத்தாகிவிட்டது. இது புதுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1993 இலும் கிறேட் 9 இல் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். பிறகு 1999 இல் வந்த புதிய பாடத்திட்டம் மறுபடி பிரித்தது, இப்போது மறுபடி சேர்த்திருக்கிறார்கள். 14 வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடக்கூடாது என்பதுதான் காரணம். வறிய குடும்பங்களின் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அந்தக் கீழ்ப்பெட்டிக்குள் அளவுக்கு மிஞ்சிப் போனது பல வருடமாகக் கண்ணுக்குத் தெரிந்த விஷயம்.

ஆனால் கிறேட் 10 இல் பிரிவு இன்னும் இருக்கிறது. அண்ணியிடம் சொல்லுங்கள்: அகடமிக், அதாவது 2டி. பையன் பல்கலைக்கழகம் போவான் என்ற நிச்சயத்தால் நான் இதைச் சொல்லவில்லை. 2டி படித்தவன் கிறேட் 11 இல் 3யூவுக்கும் போகலாம், 3சிக்கும் போகலாம். 2பி படித்தவனுக்கு 3சி திறந்திருக்கும், 3யூ திறக்காது. பிறகு மனம் மாறினால் கோடையிலோ இணையத்திலோ 2டியை எடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்குவதற்குப் படிவம் போதும், ஏறுவதற்கு ஒரு முழுப் பாடம் வேண்டும். வாசிப்பதே பெரும்பாடு, அவனுக்குக் கைவேலையில்தான் ஆசை என்றால் பி எடுக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த ஊரில் எலக்றீசியன் சம்பாதிப்பது எனக்குத் தெரியும். “யோசித்து எடுத்தது” என்றால் சரி. “பி லேசு, மார்க் கூட வரும்” என்று யாரோ கூட்டாளி சொல்லி எடுத்தது என்றால் சரியில்லை.

என் வீட்டுக் கதை இதுதான். நான் 1995 இல், 16 வயதில் வந்தேன். அப்போது பேசிக், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று தட்டு. என்னை ஆங்கிலத்துக்கு ஜெனரலில் போட்டார்கள். அப்பா இரண்டு வேலை செய்துகொண்டிருந்தார். நான் நீட்டிய தாளைக் குசினி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், ‘ஜெனரல்’ என்றால் எல்லோருக்கும் பொதுவானது என்று நினைத்து. எனக்கும் அப்படித்தான் விளங்கியிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஓ.ஏ.சி. (அப்போது கிறேட் 12க்குப் பிறகு இருந்த பல்கலைக்கழக ஆயத்த வருடம்) ஆங்கிலம் வேண்டும், அதற்கு முன் அட்வான்ஸ்ட் ஆங்கிலம் வேண்டும் என்று எனக்குத் தெரியவந்தது கிறேட் 12 பாதியில். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எங்களை ஏமாற்றவில்லை. ஆனால் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. ஒரு வருடம் பகலில் கடையில் நின்று, இரவுப் பள்ளியில் அதை முடித்தேன். அந்தச் சொற்களும் ஓ.ஏ.சி.யும் இப்போது இல்லை. தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிற அப்பாமார் இருக்கிறார்கள்.

கிறேட் 11 இல் இன்னொரு மாற்றத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். பல கல்விச் சபைகள் அந்த வருடத்தின் ஆங்கிலத்துக்குப் பதிலாகப் பூர்வகுடி எழுத்தாளர்களின் நூல்களைப் படிக்கும் பாடத்தை வைத்திருக்கின்றன. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2023 இல் அப்படித் தீர்மானித்தது. குறியீடு என்.பி.ஈ. என்று தொடங்கும். “ஆங்கிலம் எங்கே காணோம்” என்று தேடாதீர்கள், அதுதான் ஆங்கிலம். அதில் யூ எடுத்தவர் 4யூவுக்குப் போகலாம். நிலத்தையும் மொழியையும் இழந்தவர்களின் கதைகளை வாசித்துவிட்டு வந்து, அம்மம்மாவிடம் ஊர்க்கதை கேட்கத் தொடங்கிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். நம்முடைய பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தில் எழுதுவதற்கு விஷயம் பஞ்சமில்லை.

கிறேட் 12 இல் 4யூவா 4சியா என்பது பிள்ளை எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்தது. நர்சிங் கேட்கிற வீடுகள் நிறைய, அதையே எடுத்துக்கொள்வோம். நான்கு வருட நர்சிங் பட்டத்துக்கு 4யூ வேண்டும். கொலிஜ்ஜில் இரண்டு வருடம் படிக்கும் பிறக்டிக்கல் நர்சிங் டிப்ளோமாவுக்கு 4சி போதும். இரண்டுக்கும் ‘நர்சிங்’ என்றே பெயர் சொல்வதால் பலர் கடைசி நேரத்தில் தலையில் கைவைக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் பொதுவாக கிறேட் 12 இன் ஆறு யூ அல்லது எம் பாடங்களின் சராசரியைப் பார்க்கும். (எம் என்பது பல்கலைக்கழகத்துக்கும் கொலிஜ்ஜுக்கும் பொதுவானது.) அந்த ஆறில் ஒன்றாக 4யூ ஆங்கிலம் அனேகமாக எல்லாத் துறைக்கும் கட்டாயம். பொறியியலுக்கும்கூட. கணிதம், பௌதிகம், இரசாயனம் எல்லாம் 95 எடுத்து ஆங்கிலத்தில் 71 எடுத்து, சராசரியை அந்த ஒன்றே கீழே இழுத்த பிள்ளைகள் நம்மில் கனபேர்.

இதை விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு மேலதிகமாகவும் இருக்கிறது. ‘ரைற்றர்ஸ் கிறாஃப்ற்’ என்று கதை, கவிதை, கட்டுரை எழுதப் பழக்கும் 4யூ பாடம் ஒன்று. அதுவும் அந்த ஆறில் ஒன்றாக வரலாம், ஆனால் கட்டாய ஆங்கிலத்துக்கு ஈடாகாது. சில பள்ளிக்கூடங்களில் ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மன்ற், பல்கலைக்கழக முதல் வருட மட்டத்துப் பாடம்) ஆங்கிலம் இருக்கும். மே மாதம் தனியாக ஒரு பரீட்சை, 5க்குப் புள்ளி. ஐ.பி. (இன்ரநஷனல் பக்கலோரியற்) என்பது கிறேட் 11, 12 இரண்டு வருடத்தையும் விழுங்கும் முழுத் திட்டம். அதற்கென்று உள்ள பள்ளிக்கூடங்களில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நம்முடைய கூட்டங்களில் இந்த இரண்டு பெயரையும் நகை மாதிரிச் சொல்லிக்கொள்கிறார்கள். மொழியில் ஆசையுள்ள பிள்ளைக்கு அவை நல்லவை. மற்றப் பிள்ளைக்கு 4யூவை வடிவாகச் செய்வதே போதும்.

மார்க் பற்றியும் ஒரு விஷயம். இங்கே 70 விகிதம் செமஸ்ரர் முழுக்கச் செய்த வேலைக்கு, 30 விகிதம் கடைசி மதிப்பீட்டுக்கு. கடைசி மாதம் இரவிரவாகப் பாடமாக்கி மீட்கிற வழி கிடையாது. கிறேட் 11, 12 இல் ஒரு பாடத்தை விட்டுவிட நினைத்தால், இடைத்தவணை அறிக்கை கைக்கு வந்து ஐந்து பள்ளி நாட்களுக்குள் விட வேண்டும். அதற்குப் பிறகு விட்டால் அந்த நேரத்து மார்க்கோடு பெறுபேற்றுத் தாளில் பதிவாகிவிடும். திரும்பப் படித்தாலும் இரண்டு மார்க்கும் தெரியும். “முதலில் 4யூ எடுத்துப் பார்க்கட்டும், சரிவராவிட்டால் மாற்றலாம்” என்று நினைக்கிறவர்கள் அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

ரியூசன் கேட்பீர்கள் என்று தெரியும். ஸ்காபரோவில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும் ரியூசன் வேண்டாம். பிள்ளை எழுதியதைத் திருத்தாமல், “இது ஏன், இதற்கு ஆதாரம் எங்கே” என்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டில் ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்க வேண்டாம். தமிழில் வாதாடத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்திலும் வாதாடும். சாப்பாட்டு மேசையில் அவளோடு தமிழிலேயே தர்க்கம் பண்ணுங்கள், “பெரியவர்களோடு எதிர்த்துக் கதைக்காதே” என்று வாயை மூட வைக்காதீர்கள். 4யூவில் கேட்பதே எதிர்த்துக் கதைப்பதைத்தான். சனிக்கிழமைகளில் கல்விச் சபை நடத்தும் தமிழ் கிறெடிற் வகுப்பும் இருக்கிறது. ஊரில் படித்த தமிழ் அவளுக்கு அங்கே கைகொடுக்கும்.

கைடன்ஸ் சந்திப்புக்குப் போகும்போது ஊர் ரிப்போட்டின் மொழிபெயர்ப்பைக் கொண்டுபோங்கள். அதை வைத்துத்தான் தலைமை ஆசிரியர் முந்திய படிப்புக்கு எத்தனை கிறெடிற் கொடுப்பது என்று தீர்மானிப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மகளை மொழிபெயர்க்க விடாதீர்கள், தன்னைப் பற்றிய குறையை எந்தப் பிள்ளையும் முழுதாக மொழிபெயர்க்காது.

இரண்டாவது செமஸ்ரர் அட்டவணை வந்ததும் ஈ.எஸ்.எல். குறியீட்டின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். டி என்று இருந்தால் மேலே போட்ட கணக்கு அப்படியே நடக்கிறது. ஆங்கிலமே இல்லாமல் அந்த இடத்தில் வேறு ஏதாவது பாடம் இருந்தால், அடுத்த நாள் காலையிலேயே போன் எடுத்து, கோடை வகுப்பில் டிக்கு இடம் பிடியுங்கள்.